வெறுங்கால் காத்த கரை

நியாபுவாய் கோங் ரியெக் (1968–2023). தென் சூடானின் வடபகுதியில் தார்லுவால் என்னும் குடியிருப்பில் வாழ்ந்தவர். அங்கே மகளிர் கரைகாவல் சங்கத்தைத் தொடங்கி, இறுதிவரை அதன் தலைவராக இருந்தவர். மூத்த மகன் துத்தின் பெயரால் ஊரார் அவரைத் 'துத் அம்மா' என்பர்.

2021ஆம் ஆண்டு வந்த வெள்ளம் வடியவேயில்லை. கோடை பிறந்தும் நீர் நின்றது. மேய்ச்சல் நிலமெல்லாம் அல்லி பூத்தது. தார்லுவால் மட்டும் ஆளுயர மண்கரை ஒன்றுக்குள், வெளி நீர்மட்டத்துக்குத் தாழ்வாக, உலர்ந்து கிடந்தது. அக்கரையை நாற்பத்திரண்டு பெண்கள் காத்தனர். ஒவ்வொருத்திக்கும் முப்பது காலடி பங்கு. எல்லைக்கு ஒரு மாட்டுக்கொம்பு நட்டிருக்கும். மாலையில் மீன் சுட அடுப்பு மூட்டுமுன், அவரவர் தம் பங்கின் உட்சரிவில் நடந்து திரும்புவர். சில நாள் எவளேனும் நடுவில் நின்று, "களிமண் கொண்டு வாங்கடி!" என்று கூவுவாள். மற்றவர்கள் கூடையோடு ஓடுவர். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எவரும் கேட்டதில்லை.

அடுத்த மழைக்குமுன் கரையை இரண்டு முழம் உயர்த்தாவிட்டால் ஊர் மூழ்கும் என்பது நியாபுவாய்க்குத் தெரியும். கூடையால் ஆகிற வேலையன்று அது. மண்வாரி எந்திரம் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்திடம் இருந்தது. தகுதித் தேர்வில் தேறிய உள்ளூர்ப் பங்காளி அமைப்புக்கே அதை அனுப்புவார்கள். 2022 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் ஹென்ரிக் என்னும் டென்மார்க்காரர் படிவத்தோடு படகில் வந்தார். நியாபுவாயின் தம்பி மகள் நியாஜிமே, பள்ளியில் படித்தவள், மொழிபெயர்த்தாள்.

"கரைய எப்படிக் கண்காணிக்கிறீங்கன்னு கேக்கறாரு, அத்தை."

"நடப்போம்."

"நடந்து?"

"நடந்து வீட்டுக்கு வருவோம். வேற எங்க போறது? சுத்தித் தண்ணி."

பெண்கள் கொல்லென்று சிரித்தனர். ஹென்ரிக்கும் சிரித்தார், நல்ல மனிதர். 'முறையான கண்காணிப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

தேர்வில் தேறுவதற்காகச் சங்கத்தை வலுப்படுத்தும் பணி மார்ச்சில் தொடங்கியது. ஆறு பெண்கள் காவலர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஊதியமும் பயிற்சியும் கைப்பேசியும் பெற்றனர். நியாஜிமே அவர்களுள் ஒருத்தி. அறுவருக்கும் தலைவருக்கும் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வந்தன. சங்கப் பணியில் எவரும் வெறுங்காலோடு கரையில் இறங்கலாகாது என்பது விதி. அவ்வாண்டு சனவரியில்தான் கரையில் இருவரைப் பாம்பு தீண்டியிருந்தது. ஆகவே நியாபுவாய் அந்த விதிக்கு மனம் ஒப்பியே கைநாட்டு வைத்தார். மே மாதம் எந்திரம் வந்து கரையை உயர்த்தியது.

ஆறுபேரில் இடம் பெறாதவர்களுள் நியாகிம் ஒருத்தி. வாய்த்துடுக்குக்காரி. அவள் நடப்பதை முதலில் நிறுத்தினாள்.

"உன் பங்கு உன் பங்குதான், நியாகிம். கொம்ப நான் புடுங்கலையே?" என்றார் நியாபுவாய்.

"கொம்பு இருக்கு, துத் அம்மா. மரியாதைதான் போயிடுச்சு. பூட்ஸ் போட்ட கால் நடக்கட்டும். என் காலுக்கு அடுப்படியில வேலை இருக்கு."

ஆகஸ்டுக்குள் பூட்ஸ் பெறாத முப்பத்தைந்து பேரும் நின்றுவிட்டனர். நியாபுவாய் அவர்களை மீண்டும் அழைக்க நினைத்தார். கரை உயர்ந்து நின்றதைப் பார்த்து, அந்த நினைப்பை விட்டுவிட்டார்.

செப்டம்பர் 16 மாலை நியாஜிமே கரையைப் படமெடுத்து, 'உலர்வாக உள்ளது' என்று செய்தி அனுப்பினாள். அது பொய்யன்று, பார்வைக்கு உலர்வாகவே இருந்தது. மறுநாள் விடியலில் நியாகிமின் பங்கில் கரை உடைந்தது. குடிசைகளும் எழுபது மாடுகளும் போயின; எழுந்து ஓட இயலாத மூன்று முதியவர்களும் போயினர்.

எஞ்சிய கரைமேல் ஊர் உட்கார்ந்திருந்தபோது, நியாகிம் நியாபுவாயின் அருகில் வந்து அமர்ந்தாள்.

"முந்தாநாள் தண்ணி எடுக்கப் போனப்ப அங்க கால் வெச்சேன். சில்லுன்னு இருந்துச்சு."

"எங்கடி?"

"என் கொம்புக்குப் பக்கத்துல. நாளெல்லாம் வெயில் காஞ்ச மண்ணு."

"ஏன் கூப்பிடல?"

"பூட்ஸ்காரங்க பாத்துப்பாங்கன்னு விட்டுட்டேன். எங்கப்பாவும் உள்ளதான் படுத்திருந்தாரு," என்றாள்.

நியாபுவாய் தம் கால்களைக் குனிந்து பார்த்தார். ஆறு மாதம் அந்த ரப்பருக்குள் நடந்திருக்கிறார். உடைந்த இடத்தின் மேலேயே அந்த வாரம் இருமுறை நடந்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே நீர் கசியும் மண் குளிரும். அதை நாற்பத்திரண்டு பேரின் உள்ளங்கால்களும் அறிந்திருந்தன. ஒருத்தியும் மற்றொருத்திக்குச் சொன்னதில்லை. கேட்டவரிடம் தாம் சொன்னது 'நடப்போம்' என்ற ஒரு சொல்தான். அவர் பூட்ஸைக் கழற்றினார். வீசவில்லை, பக்கத்தில் நின்ற ஒருத்தி கேட்டாள், கொடுத்துவிட்டார்.

பெரும்பாலோர் முகாமுக்குப் போயினர். நியாபுவாயோடு பதினொரு குடும்பங்கள் வடகரையின் எச்சத்தில் தங்கின, அல்லிக்கிழங்கே உணவு. 2023 சனவரியில் நியாஜிமே வந்தாள். பயிற்சி பெற்ற அவளை அந்த நிறுவனமே வேலைக்கு எடுத்திருந்தது. பங்காளி அமைப்புகளை வலுப்படுத்துவது அவள் பணி. அவள் கையில் அதே படிவம் இருந்தது.

"இப்பச் சரியாச் சொல்றேன், எழுதிக்க. வெறுங்காலோட எல்லாரும் நடக்கணும். மண்ணு சில்லுன்னு இருந்தாக் கூவணும்."

"எழுதலாம், அத்தை. வெறுங்கால்னு எழுதினா பாதுகாப்பு விதியில தோத்துடும். அப்புறம் மண் மூட்டைக்குச் சாக்குக்கூட வராது."

"நான் சொல்றது நெசமா, இல்லையா?"

"நெசந்தான், அத்தை."

"அப்ப எதை எழுதினா சாக்கு வருமோ அதை எழுது."

நியாஜிமே கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'மேலும் பயிற்சி தேவை' என்று எழுதினாள். சாக்கும் வரவில்லை, பயிற்சிக்கு மட்டும் நாள் குறித்து அனுப்பினர்.

நியாபுவாய் மாலைதோறும் தம் முப்பது காலடியை வெறுங்காலோடு நடந்தார். ஒருநாள் நியாகிம் ஓடத்திலிருந்து கேட்டாள்:

"துத் அம்மா, ரெண்டு பக்கமும் தண்ணி. எதை எதுகிட்டயிருந்து காக்கற?"

"சில்லுன்னு இருக்கான்னு பாக்கறேன்."

"இருக்கா?"

"எல்லா இடமும் சில்லுன்னுதான் இருக்கு."

ஏப்ரலில் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோயிற்று. அவர் தம் பங்கைக் கடைசியாக நடந்தது 2023ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள்.