முப்பத்து நான்கு தூண்கள்

தான் செய்த கோயிலுக்கு முதல் பரிசு கிடைத்த அன்றுதான் லோகநாயகிக்கு வாழ்நாளிலேயே அதிகமாகக் கோபம் வந்தது. ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியின் கண்காட்சி அது. பரிசை வாங்கியவன் எட்டாம் வகுப்பு கௌதம். கூட்டம் கைதட்டியது. பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற லோகநாயகி பல்லைக் கடித்தாள்.

கோபக்காரி என்று அவளுக்குக் கோவில்பதாகை ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு. தண்ணி லாரிக்காரன்கூட அவள் வீட்டு வாசலில் மட்டும் ஹார்ன் அடிக்க மாட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாறு வருஷம் ஒரு பேக்கிங் கம்பெனியில் இருந்தாள். மோட்டார், பம்பு எல்லாம் பெட்டிக்குள் ஆடாமல் உட்காரக் கெட்டித் தெர்மாகோலில் குழி வெட்டும் வேலை. மின்சாரத்தில் சூடான கம்பியைத் தொட்டும் தொடாமலும் ஓட்டி, நூல் பிசகாமல் வெட்டுவாள். ஒருநாள் கம்பெனி அட்டைப் பெட்டிக்கு மாறியது. பெண்களை எல்லாம் வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார்கள். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "தெர்மாகோல் வெட்டத் தெரியும்னு எந்தக் கம்பெனியில போய் சொல்லுவீங்க?" என்று கேட்டான். அன்று மாலையே, பழைய இரும்புக்குப் போட வைத்திருந்த வெட்டும் மெஷினை விலை பேசி ஷேர் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

முதலில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு எரிமலை. பிறகு சூரியக் குடும்பம், மனித இதயம், மழைநீர் சேகரிப்பு. பள்ளிக்கூடங்களில் 'புராஜெக்ட்' என்று எதைச் சொன்னாலும் தாய்மார்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து அரசுத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸிலிருந்துதான் அதிகம் பேர். பேப்பரில் அச்செடுத்த படத்தை நீட்டுவார்கள், தேதி சொல்வார்கள், போய்விடுவார்கள். எந்தக் குழந்தையும் கூட வந்ததில்லை.

அந்த வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பழைய கிரேக்க நாட்டுக் கோயில். ஒரே வகுப்பிலிருந்து பதினொரு பேர் கேட்டார்கள். கௌதமின் அம்மாவுக்குத் தங்க நிறப் பெயிண்டு வேண்டும், உள்ளே சீரியல் பல்பு வேண்டும், முன்பக்கம் ஐந்து தூண் வேண்டும்.

"அஞ்சு தூண் வெச்சா ஒண்ணு நட்டநடு வாசல்ல வந்து நிக்கும்மா. படத்துல பாரு, ஆறு கீது. ரெட்டைப்படையில வெச்சாத்தான் நடுவுல வழி வுடும்," என்றாள் லோகநாயகி.

"எங்களுக்கு ஒத்தப்படைதாங்க ராசி."

"தூண் மறைச்சா உள்ள கீற சாமி யாரப் பாக்கும்?"

"சாமி என்ன நிஜமாவா இருக்கப் போகுது? தெர்மாகோல்தானே," என்று அந்த அம்மாள் சிரித்தாள்.

தெர்மாகோல்தானே என்ற சொல்லைக் கேட்டால் லோகநாயகிக்குக் காது மடல் சிவந்துவிடும். பேசாமல் ஐந்து தூண் வெட்டினாள். தண்ணீர்க் குழாய் மாதிரி நேராக வெட்டி, உச்சியில் இலை இலையாக ஒட்டித் தங்கத்தை அடித்தாள்.

பதினொன்றாவது ஆளாக ஒரு சிறுமி தனியாகச் சைக்கிளில் வந்தாள். பெயர் சுவேதா. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம், அப்பா தொழிற்சாலையில் வெல்டர். "எல்லாருக்கும் செய்யற மாதிரியே செஞ்சு வாங்கிட்டு வரச் சொன்னாங்க அம்மா," என்றவள், மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நீங்க வெட்டி மட்டும் குடுங்க ஆன்ட்டி. மிச்சத்த நான் செய்யறேன்," என்றாள்.

"ஏன், நான் செஞ்சா ஆவாதா?"

"எனக்குச் செய்யணும் போல இருக்கு."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவரும் லோகநாயகியைக் கேட்டதில்லை. முக்காலியை இழுத்துப் போட்டாள்.

டீச்சர் கொடுத்திருந்த ஆங்கிலத் தாளைச் சுவேதா படித்துத் தமிழில் சொன்னாள். தூண் மூன்று வகை. டோரிக் என்பது பீடம் இல்லாமல் தரையிலிருந்தே கிளம்பும். உடம்பைச் சுற்றி மேலிருந்து கீழாக இருபது பள்ளம் ஓடும், தலையில் கவிழ்த்த தட்டு மாதிரி ஒன்று, அதன்மேல் சதுரப் பலகை, அவ்வளவுதான். ஐயோனிக் தூணுக்குத் தலையில் இரண்டு பக்கமும் சுருள். கொரிந்தியனுக்கு இலைக்கொத்து. சுவேதா டோரிக்கைத்தான் எடுத்துக்கொண்டாள். முன்னால் ஆறு, பின்னால் ஆறு, பக்கத்துக்குப் பதின்மூன்று. மூலைத் தூண்களை இரண்டு முறை எண்ணாமல் கூட்டினால் முப்பத்து நான்கு.

தாளின் கடைசியில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருந்தது. அந்தத் தூண்கள் நேர்க்கோடாக இருக்காது. மேலே போகப் போகச் சிறுக்கும். ஆனால் வழியில் மிக லேசாகப் புடைத்துக்கொண்டு போகும்.

"ஏன் புடைக்கணும்? கோணலா பூடாதா?" என்றாள் லோகநாயகி. நேராக வெட்டுவதையே பதினாறு வருஷம் தொழிலாகச் செய்தவளுக்கு அது எரிச்சலாக இருந்தது.

இரண்டு தூண் செய்து பார்த்தார்கள். ஒன்று அளவுகோல் வைத்தது போல நேர். இன்னொன்று உப்புத்தாளில் தேய்த்து லேசாகப் புடைப்பு விட்டது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரில் நிறுத்தி, ஆகாயம் பின்னால் தெரிய எட்டி நின்று பார்த்தார்கள். நேரான தூண் நடுவில் இளைத்துப்போன மாதிரி தெரிந்தது. புடைத்த தூண் திண்ணென்று நேராக நின்றது. லோகநாயகி கீழே இறங்கவே இல்லை. இடம் மாறி மாறி நின்று பார்த்தாள். "நம்ம கண்ணுதான் பொய் சொல்லுது. அந்தக் கண்ணுக்கு ஏத்த மாதிரி கல்ல வளைச்சிகீறானுங்க," என்றாள்.

நான்கு சனிக்கிழமை. தூண்களை லோகநாயகி வெட்டினாள். பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி ஒவ்வொரு பள்ளத்தையும் சுவேதா தேய்த்தாள். ஒரு தூணுக்கு இருபது, மொத்தம் அறுநூற்று எண்பது. முடிவில் அவள் கட்டைவிரல் நுனி தோலுரிந்திருந்தது. மூலைத் தூண்களை மட்டும் தாளில் சொன்னபடி கொஞ்சம் பருமனாக விட்டு, பக்கத்துத் தூணோடு நெருக்கி வைத்தாள். பெயிண்டு அடிக்கவில்லை.

கண்காட்சிக்கு நடுவராக வெளியூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து கலியமூர்த்தி என்பவர் வந்திருந்தார். சுவேதா கூப்பிட்டிருந்ததால் லோகநாயகியும் போயிருந்தாள். நடுவர் கௌதமின் தங்கக் கோயிலின் முன் நின்று பல்பைப் போட்டு அணைத்துப் பார்த்து மகிழ்ந்தார். அடுத்து சுவேதாவின் கோயில். சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஒரு தூணோடு சேர்த்து வைத்தார். நடுவில் ஒட்டிய ஸ்கேல் மேலும் கீழும் விலகி நின்றது.

"நேரா வரல பாத்தியா. பினிஷிங் இல்ல."

"அது அப்படித்தான் சார் இருக்கணும்," என்றாள் சுவேதா. "நானே தேய்ச்சேன்."

"கடையில வாங்கறதுதான் வாங்கறே, நல்லதாப் பாத்து வாங்கக் கூடாதாம்மா," என்று சொல்லிக் குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

முதல் பரிசு கௌதமுக்கு அறிவிக்கப்பட்டது. கைதட்டல் ஓய்வதற்குள் லோகநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவில் வந்துவிட்டாள்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. அந்தத் தங்கக் கோயிலு நான் செஞ்சது. இந்த வரிசையில பத்து கோயிலு நான்தான் செஞ்சேன். நடுத்தூண் வாசல அடைச்சிகினு நிக்குதே, ஒருத்தராச்சும் கேட்டீங்களா? இந்தப் பொண்ணோடது ஒண்ணுதான் படிச்சிப் பாத்து செஞ்சது. நான் வெட்டிக் குடுத்தேன், அவ்ளோதான். மிச்சம் அவ கை. அதப் போய் கோணல்ன்றீங்க. கடைல வாங்கனதுன்றீங்க."

தாய்மார்கள் தரையைப் பார்த்தார்கள். கௌதம் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு அழத் தொடங்கினான். அவன் அழுததைப் பார்த்தபோது லோகநாயகிக்கு நாக்கு ஒரு கணம் தடுமாறியது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்தது. வெளியாள் உதவி பெற்ற பதினொரு பேருக்கும் மதிப்பெண் கிடையாது, சான்றிதழ் கிடையாது. பதினொன்றில் சுவேதாவும் ஒருத்தி.

சுவேதாவின் அம்மா கார்த்திகா அன்று மாலையே வந்து வாசலில் நின்றாள். "உங்கள யாருங்க பேசச் சொன்னா? கிளாஸ்ல ஒரு புள்ள எம்பொண்ணோட பேச மாட்டேங்குது. எல்லாரையும் காட்டிக் குடுத்தவன்னு பேரு."

"உண்மையச் சொன்னேன்."

"உங்க உண்மைக்கு எம்பொண்ணுதானே அடி வாங்குறா."

கார்த்திகா திரும்பிப் போனாள். கணவன் உலகநாதன், "வுடு லோகா, சோறு போடற வேலைய நீயே ஒதச்சிட்ட. இதோட நிறுத்திக்கோ," என்றான். அவள் அன்று இரவு சாப்பிடாமல் படுத்தாள். காலையில் பள்ளி வாசலில் போய் நின்றாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பிரேயர் முடிந்தது, இடைவேளை முடிந்தது, அவள் வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். போகிற வருகிறவர்கள் பார்க்க ஆரம்பித்த பிறகு பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், என் மேல கோவம்னா என்னத் திட்டுங்க. தோலு போவத் தேய்ச்ச பொண்ணுக்கும் வாங்கிகினு வந்தவங்களுக்கும் ஒரே தண்டனையா? இன்னா நியாயம் இது?"

"அவதான் செஞ்சான்னு எப்படி நம்பறது?"

"ஒரு துண்டு தெர்மாகோலும் உப்புத்தாளும் குடுங்க. உங்க கண்ணு முன்னாடி செய்யட்டும்."

பிரின்சிபால் ஆளனுப்பினார். லேபிலிருந்து ஒரு துண்டும் உப்புத்தாளும் வந்தன. சுவேதாவை அழைத்து வந்தார்கள். மேசைமேல் இருந்ததைப் பார்த்தாள், லோகநாயகியைப் பார்த்தாள், விஷயம் புரிந்துவிட்டது.

"செய்ம்மா," என்றார் பிரின்சிபால்.

"மாட்டேன் மேடம்."

"கண்ணு, ஒரு பள்ளம் தேய்ச்சிக் காட்டு போதும்," என்றாள் லோகநாயகி பதறி.

"நான்தான் செஞ்சேன்னு அன்னைக்கே சொன்னேன் ஆன்ட்டி. சார் நம்பல. இப்ப மேடம் நம்பல. செஞ்சு காட்டினாத்தான் நம்புவாங்கன்னா எதுக்குச் செய்யணும்?" சுவேதா துண்டைத் தள்ளி வைத்தாள். கண்ணில் நீர் இல்லை. "நீங்களும் என்னைக் கேக்காமத்தானே எல்லாம் பேசறீங்க."

அறைந்தது போல இருந்தது லோகநாயகிக்கு. இந்தப் பெண்ணுக்காக இரண்டு முறை சண்டைக்குப் போனவள், உனக்கு இன்னா வேணும் என்று ஒரு முறைகூட அவளைக் கேட்டதில்லை.

"சரி," என்றாள் மெதுவாக. "உனுக்கு இன்னா வேணும், சொல்லு."

"என் கோயில் வேணும். லேபுக்குப் பின்னாடி வெயில்ல போட்டு வெச்சிருக்காங்க."

பிரின்சிபால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மணியடித்து வகுப்பு விடும் வரை லோகநாயகி வராந்தாவில் காத்திருந்தாள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தான்.

"இன்னா இது, யாரக் கேட்டு எடுத்துகினு போறீங்க?"

லோகநாயகி வாயைத் திறக்கவில்லை.

"என்னோடது அண்ணா," என்றாள் சுவேதா. அவன் ஒதுங்கினான்.

சிறுமி சைக்கிளைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தாள். ஷேர் ஆட்டோவில் கோயில் ஒரு முழு சீட்டைப் பிடித்துக்கொண்டது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் டிரைவர் முணுமுணுத்தார். வழியெல்லாம் சுவேதா லோகநாயகியோடு பேசவில்லை. குவார்ட்டர்ஸ் கேட்டில் இறக்கியபோது கார்த்திகா வந்து ஒரு முனையை வாங்கிக்கொண்டாள். லோகநாயகியைப் பார்த்துத் தலையைக்கூட அசைக்கவில்லை.

அதற்குப் பின் புராஜெக்ட் கேட்டு அந்தப் பள்ளியிலிருந்து யாரும் வரவில்லை. வளைகாப்புக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் மேடையில் பெயர் வைக்க ஆங்கில எழுத்து வெட்டும் வேலைதான் வருகிறது. பெயர்களை வெட்டும்போது சில நாள் அந்த நடுவரின் ஸ்கேல் ஞாபகம் வரும், கம்பி கொஞ்சம் அழுந்திவிடும், எழுத்து பாழாகும். இன்னொரு பலகையை எடுத்து மறுபடி வெட்டுவாள். பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் சுவேதா சைக்கிளில் அந்தத் தெரு வழியாகப் போனாள். லோகநாயகி வாசலில்தான் இருந்தாள். கூப்பிடவில்லை. சிறுமி சைக்கிளை மெதுவாக்கினாள், நிறுத்தவில்லை, ஆனால் திரும்பி மெஷின் இருக்கும் அறையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள்.