அறுபத்தோராம் பக்கம்

மண்ணெண்ணெயில் நனைந்த துணியின் வாடை வந்தால் எனக்கு முதலில் கலவரம்தான் நினைவுக்கு வர வேண்டும். வருவதில்லை. கண்டிச் சந்தைக்குப் பின்னால், அப்படிப்பட்ட துணியால் ஈய எழுத்துகளைத் துடைத்துத் துடைத்துக் கறுத்துப்போன ஒரு அச்சகம்தான் வருகிறது. என் முதல் கவிதைப் புத்தகம் அங்கேதான் அடிபட்டது. அடிபட்டது என்பதே சரியான சொல்.

போர் நடந்த காலம். தமிழ்ப் புத்தகம் போட யாரும் இல்லை. போட்டுத்தருவதாகச் சொல்ல மட்டும் ஒருவர் இருந்தார். பதிப்பாளர் என்றார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய பதிப்பகம் முழுவதும் ஒரு ரப்பர் முத்திரைக்குள் அடங்கியிருந்தது. செலவு என்னுடையது, தாள் என்னுடையது, பெயர் அவருடையது. எல்லாரும் அப்படித்தான் கவிஞர் ஆனோம்.

கடைசிக் கவிதை என் மச்சானைப் பற்றியது, அக்காவின் புருஷன். தெல்தோட்டைத் தெருவோரத்தில் தேநீர்க் கடை வைத்திருந்தார். கலவரத்தில் கடையோடு எரிந்தார். குழி இல்லை, கல் இல்லை, எந்தப் பதிவிலும் அவர் செத்ததாக இல்லை. அதனால் அவர் பெயரையே கவிதைக்குத் தலைப்பாக வைத்தேன். புரூஃபில் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னேன். அவள் தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வெளியீட்டு விழாவுக்கு அக்கா, ஆமிக்காரன் மறிக்கும் இடத்தில் எல்லாம் இறங்கி ஏறி வந்து, கடைசிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். முதல் பிரதியை இரும்புக்கடை முதலாளி வாங்கினார். கைதட்டினோம். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. மச்சானின் பெயர் மட்டும் தெரியும். கல்யாணமான வருஷம் முன்கையில் பச்சை குத்தியது. நான் விரித்துக்கொடுத்த பொருளடக்கத்தின் மேல் கையை வைத்து, கையையும் தாளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினாள். கடைசி வரியில் நின்றாள்.

"இருக்காரு தம்பி! இந்தா, அதே எழுத்து! எந்தப் பக்கம்னு போட்ருக்கு? எடுத்துப் படி."

அறுபத்தொன்று. புரட்டினேன். பக்கம் முழுக்க இரும்புக்கடை முதலாளியின் படம், கழுத்தில் மாலை, கீழே வாழ்த்துரை.

அக்கா குனிந்து பார்த்தாள். "இது அவரு இல்லியே."

பதிப்பாளர் வாசலில் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, புத்தகம் எண்டால் பதினாறு பதினாறு பக்கமாத்தான் அடிக்கலாம். படம் போட்டால் முதல் பிரதி வாங்கிறதெண்டு முதலாளி பிந்தித்தான் ஓமெண்டவர். பொருளடக்கத்தோட முன்பக்கமெல்லாம் அடிச்சு முடிஞ்சுது. கடைசியில ஒண்டைத் தூக்காமல் வேற என்ன செய்யிறது?"

"அதையா தூக்கணும்? வேற எதையாச்சும் தூக்கியிருக்கலாமே."

"அதிலதானே ஐசே நெருப்பு இருந்தது. மற்றதெல்லாம் மழையும் மலையுந்தானே. பொலிஸ் வந்து கேட்டால் நீரே பதில் சொல்லுவீர்? விடும், இரண்டாம் பதிப்பில போடுவம்."

சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவனுக்குச் சொல்லப்படும் பொய்களில் மிக மரியாதையானது இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பே இன்னும் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. கறையான் மட்டும் விலை கேட்காமல் வாசித்தது. பிறகு அதே ரப்பர் முத்திரையில் எத்தனையோ கவிஞர்கள், அவர்கள் புத்தகங்களில் எத்தனையோ மாலை போட்ட முகங்கள். ஒரு மனிதன் இரண்டு முறை சாகலாம் என்று எனக்குக் காட்டியது அந்தப் பக்கம். ஒரு முறை தெருவில், ஒரு முறை அச்சில். இரண்டாவது தடவை நெருப்புக்கூட வேண்டியிருக்கவில்லை, ஒரு வாழ்த்துரை போதும்.

அக்காவோடு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். சேலைத் தலைப்பை இழுத்து முன்கையை மூடியிருந்தாள். தெல்தோட்டை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. புத்தகத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"ரெண்டாவது தடவ அடிக்கிறப்போ சரிபண்ணிடுவாங்கக்கா." பதிப்பாளரின் பொய் என் வாயில் சுலபமாக வந்தது.

அவள் படியில் ஏறி நின்று திரும்பினாள்.

"அவரு பேருக்கு நேரா இன்னொருத்தன் மூஞ்சி. அத வச்சிக்கிட்டு நான் யாருக்குக் காட்டுறது? லயத்துப் பக்கம் மட்டும் இதக் கொண்டாந்துடாத தம்பி. வர்றேன்."