அக்னி மூலையில் ஒரு குளிர் அறை

போன செவ்வாய்க்கிழமை, திருப்பதி பக்கம் புத்தூரில் ஒரு வீட்டின் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தேன். வெளியே மாசி வெயில். உள்ளே ஏசி தியேட்டர் குளிர்!

இத்தனைக்கும் அது வெந்நீர் போடும் மெஷின் இருக்கிற அறை.

வீடு லலிதாவுடையது. பள்ளி ஆசிரியை, இந்தப் பத்தியின் நெடுநாள் வாசகி. திருப்பதியில் என் வீட்டுக்கு ஹீட் பம்ப் வந்த கதையை இங்கே எழுதினேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு, கீசரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, அவரும் ஒன்று வாங்கிவிட்டார். பத்து நாளாகியும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை காலை பெங்களூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. பதினோரு பேர். திருமலையில் குழந்தைக்கு மொட்டை. எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

"வியாழக்கிழமைக்குள்ள சரியாவலன்னா கீசரை மாட்டிடுவேன்னு இவரு சொல்லிட்டாரு சார். கீசர் வந்தா வரட்டும். ஆனா இந்த வூட்ல நானா முடிவு பண்ணி வாங்கின மொத பெரிய சாமான் இது. இது தோத்துப்போச்சுன்னா, இனிமே மிக்ஸி வாங்கக்கூட என்னைக் கேக்க மாட்டாங்க."

அவர் கணவர் தனசேகரனுக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அன்று வீட்டில்தான் இருந்தார்.

"காத்துல இருக்கிற சூட்ட எடுத்துத் தண்ணில போடுமாம் சார்! நம்மூரு காத்துல சூட்டுக்கு இன்னா பஞ்சம்? ஒரு குண்டான்ல தண்ணி ஊத்தி வெயில்ல வெச்சிருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும்."

"வெச்சிக் குளிங்களேன். யாரு வேணான்னாங்க?" என்றார் லலிதா.

சிரிக்க முடியவில்லை. வாங்கச் சொன்ன பாவி நானல்லவா?

ஹீட் பம்ப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் எப்போதும் இரண்டு கேள்விகள். ஃப்ரிட்ஜும் இதுவும் ஒரே ஜாதியா? ஆமாம் — ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடுகிறதே, அந்தச் சூட்டைத் தண்ணீருக்குள் விட்டால் இதுதான். மழைக்காலத்தில் வேலை செய்யுமா? செய்யும், நேரம் கொஞ்சம் கூட ஆகும். சில ஏசிகள் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குவதும் இதே வித்தையைத் திருப்பிப்போட்டுத்தான். கரண்ட் சூட்டை உண்டாக்குவதில்லை... இடம் மாற்றுகிறது, அவ்வளவே. செலவு குறைவதன் ரகசியமும் அதுதான்.

"இதை ஏன் இந்த ரூமில் வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"ஃபிட்டர் மொட்டை மாடின்னான் சார். நான்தான் ஒத்துக்கல. நெருப்பு சாமானை ஆக்னேயத்துல, அக்னி மூலைலதான வெக்கணும்? அதான் கிச்சன் பக்கத்துல இந்த ரூம்" என்றார் லலிதா.

"சரி, கதவு?"

"அது நான் போட்டது!" தனசேகரன் குரலில் பெருமை. "இடுக்குல எல்லாம் ரப்பர் குடுத்து டைட் பண்ணிக்கீறேன். சூடு வெளிய போய்டும்ல?"

கிடைத்துவிட்டது!

விறகு பாய்லர் என்றால் அவர் செய்தது சரி. இதுவோ சுற்றியிருக்கும் காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டு, குளிர்ந்த காற்றை வெளியே ஊதுகிறது. மூடிய அறைக்குள் தான் ஊதிய குளிர்காற்றையே மறுபடி மறுபடி இழுத்தால், சூட்டுக்கு அது எங்கே போகும்? பட்டினி போட்டுவிட்டு, உழைக்கவில்லை என்று திட்டினால் எப்படி?

"மெஷினை மாடிக்கு மாத்தணுமா?" லலிதாவின் முகம் வாடிவிட்டது.

வேண்டாம். அந்தக் கதவு திறப்பது சமையலறைக்குள். கதவைக் கழற்றினால் போதும்.

தனசேகரன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். "வாஸ்துக்கு ஒண்ணும் இல்லியே?" என்று மட்டும் கேட்டார். மூலை அதேதான் என்றேன். கதவு இறங்கியது.

மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மெஷினில் தெரிகிற எண் நாற்பதைத் தாண்டியது... நாற்பத்தைந்து... ஐம்பது. குழாயைத் திறந்து கையை நீட்டிய தனசேகரன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். லலிதா புடவைத் தலைப்பால் மெஷின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

அதற்குள் எனக்கு இன்னொன்றும் புரிந்துவிட்டது. தோசைக்கல்லின் அனலைப் பிடித்துக் குளியலறைக்கு அனுப்பிவிட்டு, சமையலறைக்குக் குளிர்காற்றைக் கொடுக்கிறது இந்த மெஷின். நெருப்பே இல்லாத மெஷினை நெருப்பு சாமான் என்று நினைத்து அக்னி மூலையில் வைத்ததால் வந்த யோகம்! என் வீட்டில் அது மாடியில் நின்று காக்காய்களுக்கு ஏசி போட்டுக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை லலிதா போன் செய்தார். "பதினோரு பேரும் குளிச்சாச்சு சார். நாத்தனார் இதே மாதிரி தனக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லச் சொல்லி என்னைக் கேக்குறாங்க. என்னை!"

பின்னால் தனசேகரனின் குரல்: "ஏம்மே, வெங்காயம் அரிஞ்சிட்டேன். தேங்கா எங்க கீது, துருவிட்டே போறேன்."

"காலையிலேர்ந்து கிச்சன்லயே சேர் போட்டு ஒக்காந்துக்கினு கீறாரு சார். ஜில்லுனு கீதாம்."

கம்பெனிக்காரர்கள் இதை ஏன் விளம்பரத்தில் போடுவதில்லை?