மேளத்தின் மேல் சால்வை

நகரத்தில், என் வீட்டுக்கு அடுத்த ஸ்பிரிங்வேல் தேவாலயத்தின் பின்புறம் மேளம் அடித்துக் கிறிஸ்மஸ் பாடிய சூடான் இளைஞர்கள்மீது பொலிசை அழைத்தவன் நான்தான். சத்தம் என்று முறையிட்டேன். உண்மையில் அவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அந்தக் குடும்பங்கள் இறைச்சித் தொழிற்சாலை வேலைக்காக இந்த நாட்டுப்புற ஊருக்கு வந்துவிட்டன.

இந்தக் கிறிஸ்மஸுக்குப் புது மேளம் ஒன்றுடன் பஸ்ஸில் வந்திறங்கியிருக்கிறேன். கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு தகர மண்டபம். வெயில் கொதிக்கிறது, ஆனாலும் யன்னல்கள் எல்லாம் பூட்டியிருக்கின்றன. உள்ளே வெள்ளை உடுப்பில் இளைஞர்கள் கதிரைகளில் விரல் நுனிகளால் தாளமிட்டுப் பாடுகிறார்கள்.

இளைஞர் குழுத் தலைவி மேரியிடம் நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். அவள் ஆங்கிலத்தில் சொல்வது என் காதில் எங்கள் தமிழாகவே விழுகிறது.

"தெரியும் அங்கிள். உங்கட வீட்டு யன்னலடியில நிண்டு நீங்கள் போன் கதைச்சதை எல்லாரும் பார்த்தனாங்கள். இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"இதை அடியுங்கோ பிள்ளை. இங்க சுத்திவர வயல்தானே, ஆர் கேக்கப் போகினம்?" என்று மேளத்தை நீட்டுகிறேன்.

"அண்டைக்கும் நாங்கள் அப்பிடித்தான் நினைச்சனாங்கள்," என்று சிரிக்கிறாள்.

மேளத்தை வாங்கிச் சுவரோரம் வைக்கிறாள். அவளுடைய தாய் எழுந்து வந்து, குழந்தைகள் தெரியாமல் தட்டினாலும் சத்தம் வெளியே கேட்காதபடி, தன் சால்வையை அதன்மேல் நான்காக மடித்துப் போடுகிறாள். பாட்டு மறுபடி மெதுவாகத் தொடங்குகிறது.