எறும்பு மொய்க்காத தேத்தண்ணி

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள் — அக்கா, அக்காவின் புருசனான அத்தான், நான், களப்பில் மீன் பிடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த அப்பா. இல்லாதவர் அம்மா. சுனாமி வந்த நாளிலிருந்து அவர் இல்லை.

இல்லாத இன்னொன்றும் உண்டு. சீனி.

ஒரு கரண்டிகூட இல்லை. சீனிப் பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவனே நான்தான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அப்பாவைத் தெரிந்திருக்கும். பனிச்சங்கேணிக் களப்பில் வலை வீசுகிறவர். கையெழுத்துப் போடுவார், அதற்குமேல் எழுத்து வேண்டாம் என்பார். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வரை போன முதல் ஆள் நான். ஆகவே வீட்டில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு. எனக்குத் தெரியாத விசயத்திலும் அதே மதிப்பு... அதுதான் வில்லங்கம்.

சில மாதங்களுக்கு முன் கிளினிக்கில் இரத்தம் பார்த்து, சீனி வருத்தம் என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலத்தில் சோறு குறைந்த நாள் உண்டு. மீன் கண்ணில் படாத கிழமைகள் உண்டு. நிவாரணச் சீனி மட்டும் எப்படியோ வந்துகொண்டிருந்தது. வலையில்லை, தோணியில்லை, வேலையில்லை. மனிதர் என்னதான் செய்வார்? தேத்தண்ணி குடித்தார். கோப்பைக்கு மூன்று கரண்டி. அதனால்தான் வருத்தம் வந்தது என்று டொக்டர் யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சண்டை முடிந்து, ஊரே 'இனிப் பயமில்லை' என்று மூச்சு விடுகிற நேரத்தில் எனக்கு மட்டும் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவைக் கடல் கொண்டுபோன அன்று நான் டவுனில் ஹொஸ்டலில் இருந்தேன். ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது அப்பாவைச் சீனி கொண்டுபோகப் பார்க்கிறது. இந்தமுறையும் சும்மா இருப்பதா?

சும்மா இருக்கவில்லை. கிளினிக் குளிசை போதாதென்று நானும் சட்டம் போட்டேன். சோறு பாதி. வாழைப்பழம் இல்லை. தேத்தண்ணிக்கு, டவுன் பாமசியில் வாங்கிய இனிப்புக் குளிசை. விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. தலையை அமத்தினால் கீழே ஒரு பொடிக் குளிசை விழும். மிளகளவுகூட இல்லை — ஆனால் ஒரு கரண்டிச் சீனியின் இனிப்பு.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

"இனிப்புத்தான் மனே. ஆனா நாக்க விட்டுப் போகுதில்ல. சொந்தக்காரன் மாதிரி குந்திற்று இரிக்கு."

அத்தானுக்குத் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர் வீட்டுத்திட்டத்தில் மேசன் வேலை செய்கிறவர். எதையும் மட்டம் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். ஒருநாள் பேணியிலிருந்து கொஞ்சம் சீனி அள்ளிவந்து, இரண்டு பீரிசில் தேத்தண்ணி ஊற்றி முற்றத்தில் வைத்தார். ஒன்றில் சீனி, மற்றதில் குளிசை. சீனிப் பீரிசைச் சுற்றி எறும்பு கறுத்துப் போனது. மற்றதை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"பாத்தியா மச்சான்? எறும்பு பள்ளிக்கூடம் போகல்ல. ஆனா நஞ்செண்டு தெரியுது."

"எறும்பு உப்புக்கும்தான் வராது அத்தான். உப்பில்லாமக் கறி தின்பீங்களா?"

"உப்பு கடல்ல விளையுது. இது எங்க விளையுது, சொல்லு."

அக்காதான் உள்ளேயிருந்து சொன்னாள், "ரெண்டு பேரும் கோப்பையக் கழுவி வையுங்க, மறுகா விளையிற இடத்தத் தேடலாம்."

பதில் தேடி நெட் கஃபேயில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம், புற்றுநோய் வரும் என்றது. எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார்களாம். அடுத்த பக்கம், அந்த எலிகளுக்குக் கொடுத்தது அளவுக்கு மிஞ்சிய அளவு, மனிதன் அவ்வளவு குடிக்கவே மாட்டான் என்றது. மூன்றாவது பக்கம், குளிசை மிக மிக நல்லது என்றது — இறங்கிப் பார்த்தால் அது குளிசை விற்கிறவனின் பக்கம். யாரை நம்புவது?

எனக்கு வசதியானதை நம்பினேன். எல்லோரும் அப்படித்தானே? வீட்டில் சீனி இருந்தால் அப்பா களவில் அள்ளுவார் என்று பேணியையும் காலியாக்கினேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அப்பா விடிய எழும்பி, கிளினிக் குளிசையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு களப்புக்குப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தார். களப்புக் காற்று வீட்டுக்குள் வீசுகிறது. அவருக்கு வியர்வை ஊற்றுகிறது. கை நடுங்குகிறது.

"தோணியக் கட்டு மனே. இழுத்திற்றுப் போகுது."

தோணி கரையில் கிடக்கிறது. அவர் கட்டிலில் இருக்கிறார்.

"களைச்சுப் போனார். இனிப்பாத் தேத்தண்ணி குடுப்பம்," என்றாள் அக்கா. மயக்கம், களைப்பு, செத்தவீடு — எதற்கும் எங்கள் ஊரில் முதல் மருந்து இனிப்புத் தேத்தண்ணிதான். அவள் இரண்டு இனிப்புக் குளிசை போட்டாள். நான் இன்னும் ஒன்று போடச் சொன்னேன்.

அப்பா முழுவதையும் குடித்தார். பார்த்துக்கொண்டிருந்தோம். நடுக்கம் நிற்கவில்லை. கண் மேலே போகத் தொடங்கியது. அக்கா அவர் கன்னத்தில் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். பதில் குழறியது.

அத்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கடதாசிச் சரை. சீனி. அதை அப்படியே செம்பில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கினார்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"சீனி வருத்தக்காரருக்குச் சீனியா? ஆளைக் கொல்லப் போறீங்களா அத்தான்?"

"தள்ளு மச்சான். நீ குடுத்த நஞ்ச முறிக்கோணும்."

"அது நஞ்சில்ல எண்டு எத்தின தரம்..."

"தள்ளு எண்டன்."

மேசன் கை. தள்ளினால் தள்ளினதுதான். நான் சுவரோடு போய் நின்றேன். அப்பாவின் தலையை அக்கா பிடிக்க, அத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் வாழ்நாளில் நீளமான நேரம் அது. பிறகு வியர்வை அடங்கியது. கண் நேரே வந்தது. அப்பா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னத்துக்கு எல்லாரும் என்னப் பாக்கிறீங்க? நான் கொண்டாந்த இறாலை வெயில்ல வெச்சிற்றா வந்திரிக்கீங்க?"

எனக்கு அதற்குப் பிறகும் இருப்புக் கொள்ளவில்லை. ஆட்டோ பிடித்து, வேண்டாம் வேண்டாம் என்றவரை ஏற்றிக்கொண்டு நானும் அத்தானும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் பொறுமையான பெண். எல்லாம் கேட்டார். காலையில் சாப்பிடவில்லை. குளிசை போட்டார். சில மாதமாகச் சோறு பாதி. அதைக் கிளினிக்கில் சொல்லவில்லை.

"சாப்பாட்டக் குறைச்சா குளிசையின்ட அளவையும் பாக்கோணும் தம்பி. அது சீனிய இறக்கிற குளிசை. உள்ளுக்கு இறக்க ஒண்டும் இல்லாட்டி ஆளையே இறக்கிப்போடும். மயக்கம் வரக்குள்ள வேண்டியது உண்மையான சீனி. நீங்க குடுத்தது நாக்குக்கு மட்டும்தான் இனிப்பு. உடம்புக்கு அது வெறுந்தண்ணி."

அத்தான் முன்னால் வந்தார். "அப்ப அது நஞ்சில்லையா டொக்டர்?"

"இல்ல ஐயா. அளவோட போடலாம். ஆனா அது சீனி இல்ல."

அத்தானின் முகம் வாடிவிட்டது. மாமனாரின் உயிரைக் காப்பாற்றிய மனிதர், எறும்புகளின் முன்னால் தோற்றுப்போனவர் போல நின்றார்.

கிளினிக் குளிசையின் வேகம் உடம்பில் கனநேரம் நிற்கும், சீனி திரும்பவும் இறங்கலாம், கூட்டி வந்தது நல்லது என்று சொல்லி அப்பாவை ஒருநாள் மறித்து வைத்துப் பார்த்தார்கள். குளிசையின் அளவையும் மாற்றித் தந்தார்கள். அடுத்த நாள் தெரிந்தவரின் மீன் லொறியில் மூவரும் ஊர் திரும்பினோம்.

வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. அத்தான் சொன்ன காரணம் பிழை, செய்தது சரி. நான் படித்தது சரி, செய்தது...?

இனிப்புக் குளிசை கெடுதியா என்று உங்களில் சிலரும் கேட்டிருந்தீர்கள். எனக்கு இப்போது தெரிந்தது இவ்வளவுதான். பெட்டியில் எழுதியிருக்கிற அளவுக்குள் நின்றால் பயப்பட வேண்டாம் என்கிறார்கள் தெரிந்தவர்கள். சீனியைக் குறைக்க அது ஒரு கைத்தடி. ஆனால் மருந்தல்ல, சாப்பாடுமல்ல. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர், ஊசி போடுகிறவர் வீட்டில் கொஞ்சம் நிசச் சீனி கட்டாயம் இருக்க வேண்டும். நாக்கை ஏமாற்றலாம். உடம்பை ஏமாற்ற முடியாது.

அப்பாவின் வெற்றிலைப் பையில் இப்போது ஒரு சரை சீனி இருக்கிறது. முன்பெல்லாம் 'சீனி போட்டீங்களா?' என்று அவரைப் பொலிஸ் மாதிரி விசாரித்தவன், இப்போது ஒவ்வொரு விடியலும் 'சாப்பிட்டீங்களா, சீனி வெச்சிரிக்கீங்களா?' என்று வேலிக் கடப்படிவரை பின்னால் போகிறேன். அவர் தோணி தள்ளிப் போனபிறகும் உள்ளே வர மனமில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று அக்கா கேட்டாள், "எல்லாமா எவ்வளவுடா முடிஞ்சுது?"

எண்ணூற்றுப் பத்து ரூபாய். அப்பாவின் உயிருக்குச் சீனி பத்து. என் பயத்துக்கு ஆட்டோ எண்ணூறு.