நான்கு சதுரமும் ஒரு வாலும்

கடைக்குள் நுழைந்தவுடன் முருகையா குந்திவிடுவார். வணக்கம் கிடையாது, விசாரிப்பு கிடையாது. நேரே கண்ணாடி அலமாரியின் அடித்தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைப்பார். கடைக்காரத் தவுக்கே எழுந்து எட்டிப் பார்த்தால் ஒரு வழுக்கை மட்டும்தான் தெரியும். “புதுசெல்லாம் கண்ணுக்கு நேரா வச்சிருப்பான் சார். பழசு எப்பவும் கீழதான் எறங்கும்” என்பார் என்னிடம், எழுந்திருக்காமலே.

அவர் தேடுவது டிவி கேம் கேசட். அதுவும் பழையது. இந்த 1988-இல் எந்தக் கடைக்குப் போனாலும் புது மெஷின்கள்தான் அடுக்கியிருக்கின்றன. அவற்றின் கேசட் வேறு அளவு, வேறு வாய். முருகையாவின் மெஷினுக்கு வயது ஏழோ எட்டோ. அதற்குக் கேசட் கேட்டால் கடைக்காரர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள்.

முருகையாவுக்கு வயது நாற்பத்தாறு. மலேசியாவில், ஈஜோக்கிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் தோட்டத்தில், செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரியின் ஓட்டுநர். காலையில் ஒவ்வொரு டயரையும் இரும்புக் குழாயால் தட்டி, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியில் ஏறுவார். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. தர்பூசணியைத் தட்டுவார், அது நியாயம். தேங்காயைத் தட்டுவார், அதுவும் நியாயம். கோழிமுட்டையையும் தட்டுவார். ஏதாவது கேசட் கையில் கிடைத்துவிட்டால் விரல்முட்டியால் இரண்டு தட்டு. “உள்ள சரக்கு இருக்கு” அல்லது “இது வெறும் டப்பா” என்று தீர்ப்பு வரும். நான் இதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஒரு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இந்த மனிதரை என் மோட்டார்சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு கடை கடையாக அலைந்தவன். அவருடைய தீர்ப்பு ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அவருடைய சொந்தக் கேசட், செத்துப்போனது. உறையைத் திறந்தால் கடை முழுக்கச் சந்தன வாசனை. செரண்டாவில் ஒரு கடிகாரக் கடைக்காரர் அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, ஊதுவத்தி அடுத்த கடையில் என்று கையைக் காட்டினார்.

சந்தனம் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் தோட்டத்துத் துரை மாற்றலாகிப் போனபோது பங்களாச் சாமான்களை விற்றார். ஆளுக்கொரு நாற்காலி, கட்டில் என்று தூக்கிப் போக, முருகையா டிவி கேம் மெஷினை வாங்கி வந்தார். கூட ஒரே ஒரு கேசட். பெட்டி கிடையாது. மேலே ஒட்டியிருந்த படத்தைக் கரப்பான் தின்றிருந்தது. முதுகில் 4417 என்ற எண் மட்டும் பொறித்திருந்தது. மெஷினை டிவியில் மாட்டினால் திரையில் நான்கு சதுரமும் ஒரு வாலும் ஓடும். மரத்துக்கு மரம் போய் நிற்கும்; நின்றால் புள்ளி ஏறும். ஒரு நாய் துரத்தும். அவ்வளவுதான் விளையாட்டு.

அது எலி என்றார் முருகையா. செம்பனையில் பழம் தின்ன வருவது வேறென்ன? அவர் மனைவி இராஜம்மாவோ அணில் என்றார். எலிக்கு ஏது இப்படித் தூக்கின வால்? வாக்குவாதம் முற்றி, படித்தவன் சொன்னால் சரி என்று இருவரும் என்னிடம் வந்தார்கள். நானும் திரைக்கு அருகில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் கவனித்து, “அணில்தான், சந்தேகமே இல்லை” என்று தீர்ப்பளித்தேன். இராஜம்மா எனக்குக் காப்பி கொடுத்தார். முருகையா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆட்டத்தில் இராஜம்மாவை யாராலும் அசைக்க முடியாது. பகலெல்லாம் மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடும் வேலை. கை அந்த வேகத்துக்குப் பழகியது. மாலையில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காருவார். மெஷினின் ஆட்டக் குச்சியைத் தள்ளும் வலது கட்டைவிரல் ஒன்றுதான் அசையும். முகத்தில் ஒன்றும் தெரியாது. முருகையாவோ சேற்றில் லோரி திருப்புவதுபோல் உடம்பு முழுவதையும் திருப்புவார். சமையற்கட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கும்: இராஜம்மா 9,340. முருகையா 9,280. ஐந்து வருடமாக அந்த அறுபதை அவரால் தாண்ட முடியவில்லை. சாக்பீஸ் என் பள்ளிக்கூடத்துடையது.

போன வருட ஆயுத பூஜையன்று லோரிக்கு மாலை போட்டு, கத்தி, மண்வெட்டி, ரேடியோ எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், டிவி கேம் முன்னால் நின்றார். இதுவும் ஒரு ஆயுதம்தானே என்று நினைத்தார். நினைத்ததோடு நின்றிருக்கலாம். வெளியே பொட்டு வைத்தால் போதாது, வேலை நடக்கும் இடம் உள்ளேதானே என்று கேசட்டை உருவி, அதன் அடியில் வரிசையாக இருந்த செம்புப் பற்களின் மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, பன்னீரும் தெளித்து, திரும்பச் சொருகினார். திரை ஒருமுறை நீலமாகி அணைந்தது. துடைத்துப் பார்த்தார், வெயிலில் வைத்துப் பார்த்தார், தட்டியும் பார்த்தார். “லோரிக்கு எஞ்சின்லயும்தான் வைக்கிறோம் லா? வெளிய மட்டும் வச்சா சாமி எப்படி சார் உள்ள போவும்?” என்று இன்றும் என்னைக் கேட்கிறார்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் இராஜம்மா சொன்னதுதான் வினை. “அறுபது புள்ளிய தாண்ட முடியல. பொறாம! அதான் சந்தனத்த அப்பிக் கொன்னுட்டாரு.”

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்க அதை நம்பியது. எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் பதினொரு வருடமாகச் சந்தனக் கிண்ணம் ஏந்தி வாசலில் நிற்பவர் முருகையா. இந்த முறை கோயில் தலைவர் சன்னாசி தொண்டையைச் செருமினார். “சந்தனம் வேணாம் முருகையா. நீ செருப்புப் பக்கம் பாத்துக்க.” முருகையா மூன்று நாளும் செருப்புக்குக் காவல் இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிட்டே போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த மனிதருக்கு உண்மையிலேயே வலித்தது. “தோத்தவன்னு சொல்லட்டும் சார், தாங்கிக்குவேன். பொறாமையில கொன்னவன்னு சொல்லலாமா? அதே கேசட்ட தேடிக் கொண்டாந்து அவ கையில குடுத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.” சோறு நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் தேடலை மட்டும் அவர் ஒரு வாரம்கூட விடவில்லை.

பெயர் தெரியாத கேமை எப்படிக் கேட்பது? எண்ணைச் சொல்லிப் பார்த்தோம். ரவாங்கில் ஒரு தவுக்கே 4417-ஐப் பயபக்தியோடு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு லாட்டரி நம்பர் எடுக்க ஓடினார். ஆகவே முருகையா நடித்துக் காட்டத் தொடங்கினார். கோலசிலாங்கூர் ரேடியோக் கடையில் இரண்டு கையையும் நெஞ்சோடு மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி வாலாக்கி, ஒரு மின்விசிறியிலிருந்து அடுத்த மின்விசிறிக்கு ஓடினார். “தவுக்கே, கேம் லாமா! இப்படி ஓடும், நிக்கும், ஓடும். சார், நீங்க நாயி!” பழைய கேம் வேண்டும் என்று மலாயில் கேட்கத் தெரிந்தவருக்கு நாய்க்கு ஆள் வேண்டியிருந்தது. நானும் துரத்தினேன். தவுக்கே எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். என் மாணவன் ஒருவனின் தாயார் அன்னம்மா அன்று அங்கே பேட்டரி வாங்க வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்தபோது கடைசி வரிசையிலிருந்து மெல்லிய குரைப்பு ஒன்று கேட்டது.

இந்த வருட ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது சுங்கை புரோங்குக்குப் போனோம். சுற்றிலும் நெல்வயல், கேசட் விற்க ஒரு கடைகூட இல்லை. முருகையா வண்டியை நிறுத்தச் சொன்ன இடம் பூச்சிமருந்துக் கடை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“இங்கே எதற்கு?”

“எலி கேம் சார். எலிப்பாஷாணம் விக்கிறவன்கிட்ட இல்லாம வேற யார்கிட்ட இருக்கும்?”

“அது அணில்!” என்று நடுரோட்டில் கத்தினேன். அவர் அதற்குள் உள்ளே போய்க் குந்திவிட்டார்.

அலமாரியின் அடித்தட்டில் எலிப்பொறிகள் இருந்தன. முருகையா இன்னும் குனிந்தார். கன்னம் தரையைத் தொட்டது. “சார்” என்றார், குரலே மாறிவிட்டிருந்தது. தராசு வைத்திருந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில், ஆட்டம் நிற்க, ஒரு சப்பையான அட்டைப்பெட்டி சொருகியிருந்தது. பக்கவாட்டில் எண்: 4417.

தவுக்கேயின் மகன் எப்போதோ வாங்கி, மெஷினை விற்றுவிட்டு விட்டுப்போனதாம். காசு வேண்டாம் என்றார் தவுக்கே. ஆனால் மேசை ஆடக்கூடாது என்றார். முருகையா ஒரு கணமும் யோசிக்கவில்லை. மேசையை ஒரு தோளால் தூக்கி, பெட்டியை உருவி, தன் இடது கால் சிலிப்பரைக் கழற்றி அங்கே வைத்தார். தராசை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. ஈஜோக் வரை ஒற்றைச் சிலிப்பரோடு, என் முதுகில் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் இராஜம்மா பெட்டியை வாங்கி, கூரை விளக்கின் அடியில் பிடித்துப் பார்த்தார். மேசைக்கால் பதிந்த வட்டத்துக்குள் ஒரு படம் இருந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர். தோளில் பை. பையின் வார் பின்னால் பறக்கிறது. துரத்துவது நாய்.

“இது தபால்காரர்ல?” என்றார் இராஜம்மா.

முருகையா கிட்டே வந்து படத்தை எட்டிப் பார்த்தார்.

“அப்ப அந்த மரமெல்லாம்?”

“வூடு போலருக்கு” என்றார் முருகையா.

“அஞ்சு வருசமா ஒரு மனுசன நாயிக்குக் கடிக்கக் குடுத்துருக்கோமே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர், மெதுவாக என் பக்கம் திரும்பினார். “சந்தேகமே இல்லன்னீங்களே சார்?” நான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். நெடுநேரம் துடைத்தேன்.

கேசட்டைச் சொருகினார்கள். நான்கு சதுரமும் ஒரு வாலும் ஓடி வந்தன. முருகையா முதலில் ஆடி, உடம்பெல்லாம் வளைந்து, மிகச் சரியாக 9,280-இல் கடி வாங்கினார். இராஜம்மா உட்கார்ந்தார், கட்டைவிரல் அசைந்தது, 9,410. கதவில் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதியவர் முருகையாதான். எழுதும்போது சிரித்தார். ஒரு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் குழாயடியில், சொன்ன அதே இடத்தில், இராஜம்மா வாளியை இறக்கிவைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம்: “வேணும்னு கொன்னவரு, செருப்ப விட்டுட்டுக் கொண்டாருவாரா? நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்.”

ஆனாலும் ஆயுத பூஜையன்று அக்கம்பக்கத்தார் அவர் வீட்டில் கூடிவிட்டார்கள். சன்னாசியும் வந்திருந்தார். எல்லோர் கண்ணும் முருகையா கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தின் மேல். லோரிக்கு வைத்தார், கத்திக்கு வைத்தார், ரேடியோவுக்கு வைத்தார், என் மோட்டார்சைக்கிளுக்கும் வைத்தார். பிறகு டிவி கேம் பக்கம் வந்தார். இராஜம்மா பாய்ந்து கேசட்டை உருவி இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “ஏங்க, கிட்ட வராதீங்க!”

முருகையா மெஷினைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைகளில் குந்துவதுபோல் இராஜம்மாவின் எதிரே குந்தினார். அவருடைய வலது கையைப் பிடித்து, கட்டைவிரலை மட்டும் நீட்டி, விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். “உள்ள சரக்கு இருக்கு” என்றார். பிறகு கிண்ணத்தில் தொட்டு, அந்த விரலுக்குச் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்தார்.