சீப்பின் பல் எந்தப் பக்கம்

தமிழ் முதுகலை படித்துக்கொண்டே, திருவண்ணாமலைத் தேரடி வீதியிலுள்ள ஒரு கண் மருத்துவமனையில் மாலை வேளைகளில் பார்வைச் சோதனை செய்யும் பணியில் இரண்டாண்டுகள் இருந்தேன். எனக்குப் பின் அங்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள்

நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை எழுத்து சார்ட்டின் முன் நிறுத்தினேன். அவன் வாயே திறக்கவில்லை. பார்வைக் குறைவு என்று அஞ்சி மருத்துவரிடம் போய்ச் சொன்னேன்.

"கண்ணு தெரியலியா, எழுத்து தெரியலியா? மொதல்ல அத பாரும்மா," என்றார் டாக்டரம்மா.

பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கென்றே வேறொரு சார்ட் உண்டு. ஆங்கில 'ஈ' எழுத்து மட்டும் நான்கு திசைகளிலும் திரும்பியபடி, வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். குழந்தைகளுக்கு அது சீப்பு. "சீப்போட பல்லு எந்தப் பக்கம்? கையால காட்டு," என்றதும் அந்தச் சிறுவன் கடைசி வரி வரை சரியாகக் காட்டிவிட்டு, தனக்கொரு சீப்பு வேண்டுமென்று கேட்டான்.

2. யோகக் கண்

மாணிக்கம் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கற்பூரமும் தேங்காயும் விற்பவர். கண்ணில் தூசி விழுந்து வந்தவர், மகள் அலமேலுவையும் உடன் அழைத்து வந்திருந்தார். அவளுக்கு ஐந்து வயது. இடது கண் மூக்கை நோக்கித் திரும்பியிருந்தது.

"பாப்பாவையும் ஒருதரம் சோதிச்சிடலாங்களா?" என்று கேட்டேன்.

"மாறுகண்ணு யோகம்மா. இவ கையால போணி பண்ணாதான் அன்னிக்கு வியாபாரம் ஜாஸ்தி. நேராக்கி வுட்டுடப் போறீங்க," என்று சிரித்தார்.

அவளுடைய வலது கண்ணை என் கையால் மூடினேன். கையைத் தட்டிவிட்டு அழுதாள்.

"புது ஆளுன்னா அப்பிடித்தான். வுட்டுடுங்க," என்று மாணிக்கம் எழுந்தார்.

திரும்பிய கண்ணை மூளை பயன்படுத்தாமல் விட்டுவிடும் என்றும், சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் அதை மீட்கலாம் என்றும், வயது ஏற ஏற அது கடினமாகும் என்றும் டாக்டரம்மா எங்களுக்குச் சொல்லியிருந்தார். இந்த மனிதர் படியிறங்கிவிட்டால் மறுபடி வரப்போவதில்லை. அந்தக் கண்ணும் அவரோடு போய்விடும்.

"நான் தொடலீங்க. உங்க கையால நீங்களே மூடுங்க," என்றேன்.

மகளை மடியில் இருத்திக்கொண்டு அவளுடைய இடது கண்ணை மூடினார். அவள் அதைப் பொருட்படுத்தாமல், நான் கேட்கக் கேட்கச் சார்ட்டில் சீப்பின் பல் இருக்கும் பக்கங்களைக் காட்டிக்கொண்டே வந்தாள். பிறகு வலது கண்ணை மூடினார். அவள் கை கீழே இறங்கியது.

"நைனா, கைய எடு. சீப்பக் காணோம்."

மாணிக்கம் அவள் முகத்தருகே இரண்டு விரல்களை நீட்டினார். "இது எத்தினிடி?"

அவள் துழாவி அவ்விரல்களைப் பிடித்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு," என்றாள். ஏதோ விளையாட்டென்று எண்ணிச் சிரிக்கவும் செய்தாள்.

அவர் விரல்களை விடுவித்துக்கொள்ளவில்லை.

"எந்நேரமும் எம்பக்கத்துலதாம்மா ஒக்காந்திருக்கா. ஒரு வார்த்த சொல்லலியே."

"அவளுக்கு எப்பவும் இப்பிடித்தானே இருந்திருக்கு. எல்லாருக்குமே இப்பிடித்தான்னு நெனச்சிருப்பா."

3. கட்டு

கண்ணாடி அணியவும், நன்றாகத் தெரியும் வலது கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் கட்டி மூடிவைக்கவும் டாக்டரம்மா சொன்னார். தெரியாத கண் வேலை செய்தே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டு. கட்டு இருக்கும் நேரத்தில், கற்பூர வில்லைகளைப் பொட்டலத்தில் போடும் வேலையை மாணிக்கம் மகளுக்குக் கொடுத்தார். முதல் வாரங்களில் வில்லைகள் பெரும்பாலும் தரையில்தான் விழுந்தனவாம்.

அடுத்த முறை வந்தபோது, "ஒரு அம்மா சண்டைக்கு வந்துட்டாங்க," என்றார். "'காலங்காத்தால கண்ண கட்டி ஒக்கார வெச்சிருக்கியே, யாருய்யா இவ மூஞ்சில முழிச்சி போணி பண்ணுவாங்க'ன்னு. 'இத்தினி நாளு எனக்கு போணி பண்ணா, இப்ப அவ கண்ணுக்கு போணி ஆவுதும்மா'ன்னேன். முணுமுணுத்துக்கினே கற்பூரம் வாங்கினாங்க."

மாதங்கள் சென்றன. ஒரு மாலை, வழக்கம்போல் தந்தையின் கையே வலது கண்ணை மூடியது. கேள்வியையும் அவரே கேட்டார்.

"சீப்போட பல்லு எந்தப் பக்கம்டி?"

அலமேலு கையைக் கீழ்நோக்கித் திருப்பினாள். சரியாக இருந்தது. அடுத்த வரியைக் காட்டினேன். அதுவும் சரி. கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண் ஏறத்தாழ நேராக நின்றிருந்தது.

"யோகம் கம்மியாயிடுச்சிங்க," என்றார் மாணிக்கம். கையை எடுக்க மறந்து, அந்த ஒற்றைக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'தெரியவில்லை' என்று குழந்தை தானாக வந்து சொல்லுமென்று காத்திருக்காதீர்கள். ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும் வரை மற்றதன் குறையை அது அறியாது. பள்ளியில் சேர்க்கும் முன்பே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதியுங்கள். மூடுகின்ற கை, குழந்தைக்குப் பழகிய கையாக இருக்கட்டும்.